வெப்பநிலை: நீங்களே நிரப்பவும்

1883-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் மலைச்சாலை ஒன்றில், ஆறு நாடுகளைச் சேர்ந்த இருபத்தொரு பேர் மரச் சறுக்குவண்டிகளில் ஏறிக்கொண்டு நாலு கிலோமீட்டர் கீழே வந்தார்கள். வெளிநாட்டு மாணவன் ஒருவனும் உள்ளூர்த் தபால்காரன் ஒருவனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். சரி, இரண்டு பேருமே முதல் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது சம்மேளனம் என்று ஒன்று இல்லை. ஆகவே தகராறும் இல்லை.

லூஜ் என்னும் இந்தச் சறுக்குவண்டி விளையாட்டின் சர்வதேச வரலாறு இப்படி நல்லவிதமாகத்தான் தொடங்கியது. அதன் பிறகு அனைத்துலகச் சறுக்குவண்டிச் சம்மேளனம் வந்தது. சம்மேளனத்தின் விதிப்புத்தகம் முதலில் ஒரு தாளாக இருந்தது. நமது கதை நடக்கும் 2009-இல் அது அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் வண்டி எப்படிக் கீழே போகவேண்டும் என்பதற்கு ஒரு பக்கமும், அதை யார் யார் எந்த வரிசையில் நின்று பார்க்கவேண்டும் என்பதற்கு மிச்சப் பக்கங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன.

அந்த ஆண்டு ஜனவரியில் பூர்கல் எக்கருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அதைப் பூர்கல் எக்கரேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஏனென்றால் டிரோல் மலையில் ஹின்டர்லான் என்ற அந்த ஊருக்கு ஒரே தபால்காரி அவள்தான். விதிப்படி தன் வீட்டுக்கு நடந்துபோய், தன்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு, உறையைக் கிழித்தாள்.

'மதிப்பிற்குரிய தகுதிநீக்கம் பெற்றவருக்கு' என்று தொடங்கியது கடிதம். 'சர்வதேசப் போட்டிகளின் அதிகாரபூர்வ வரலாறு அச்சில் இருக்கிறது. 1975 உலகப் போட்டியில், தங்கள் வண்டியின் அடியிரும்பு அனுமதித்த அளவைவிடச் சூடாக இருந்ததால் தாங்கள் நீக்கப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும். தவிர்க்கமுடியாத காரணங்களால் அந்தச் சூடு எவ்வளவு என்பது எங்கள் பதிவேட்டில் இல்லை. ஆகவே கீழே கோடிட்ட இடத்தைத் தாங்களே நினைவிலிருந்து நிரப்பி, கையொப்பமிட்டு அனுப்பவும். வெப்பநிலை: ........ பாகை. வரலாற்றுக்குத் தங்கள் ஒத்துழைப்பு தேவை.'

பூர்கல் அதை மூன்று தரம் படித்தாள். மூன்றாவது தரம் படிக்கும்போது உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு நினைவிருந்தது. அந்த வருஷம் உலகப் போட்டி ஹின்டர்லானிலேயே நடந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது. நாலு ஓட்டங்களில் இரண்டு முடிந்தபோது உலகத்திலேயே அவள்தான் முதலாவது. மூன்றாவது ஓட்டத்துக்குக் காலையில் வண்டியை மேலே கொண்டுபோனாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது பாகை உறைகுளிர். அடியிரும்பைச் சூடாக்கினால் பனி இளகி வண்டி இன்னும் வேகமாகப் போகும், அது திருட்டு. அதனால் ஓட்டத்துக்கு முன் ஒரு அளவையாளர் இரும்பைச் சோதிப்பார். அன்றைய அளவையாளர் டாக்டர் எகோன் விண்டிஷ், வயது முப்பத்தைந்து. அவர் குனிந்தார், நிமிர்ந்தார், 'சூடு' என்றார். அவ்வளவுதான். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அந்த இரும்பை அடித்தவர் அவளுடைய அப்பா கோர்பினியன், ஊர்க் கொல்லர். 'பட்டறையில காய்ச்சிக் குடுத்தியாக்கும்?' என்று ஊரார் அவரைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை பதினாறு வருஷம் ஊர் மதுக்கடைக்குள் அவர் கால் வைக்கவில்லை. பூர்கல் வைத்தாள், தபால் கொடுக்க. கடைக்காரன் லூயிஸ் ஒவ்வொரு குளிர்காலமும் விடாமல் சொல்லுவான்:

"ஏ அடுப்பு! இந்தச் சூப் ஆறிப்போச்சு. கொஞ்சம் கை வச்சுட்டுப் போயேன்."

முப்பத்துநாலு வருஷமாக அதே வேடிக்கை. முப்பத்துநாலு வருஷமாக அதே சிரிப்பு. இப்போது தெரிகிறது, அந்த முப்பத்துநாலு வருஷத்துக்கும் அடியில் ஒரு எண்கூட இல்லை.

பூர்கல் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் விடுப்பு எடுத்து, இன்ஸ்ப்ரூக் நகரத்துக்கு ரயிலேறினாள்.

சம்மேளனத் தலைமையகத்தின் வாசலில் 'குளிர் எங்கள் பண்பாடு' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. காவலாளி அவள் உள்ளங்கையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு காட்டுது. பார்வையாளர் கைக்குப் பதினெட்டுதான் அனுமதி. வெளிய கொஞ்ச நேரம் கைய நீட்டிக்கிட்டு நின்னுட்டு வாங்கம்மா."

நின்றுவிட்டு வந்தாள். உள்ளே எல்லோரும் மேலங்கியோடு இருந்தார்கள். கட்டடத்தில் நாலு பாகைக்கு மேல் சூடு போவது ஒழுங்கீனம். காப்பியைப் பனிக்கட்டி போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் மாடியில் இருந்த சாய்வுத் துறையின் தரையே சாய்வாக இருந்தது. ஊழியர்களின் நாற்காலிகளைச் சுவரோடு சங்கிலியால் கட்டியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் வரலாற்றுத் துறை. அங்கே இர்மா என்ற ஐம்பது வயது எழுத்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாக அவருக்கு ஜலதோஷம்.

"நிரப்பிட்டீங்களா?" என்றார் இர்மா.

"என்னத்தை நிரப்பறது? அளந்தது நானா? அளந்தவர்கிட்ட கேளுங்க."

"அவர்கிட்ட கேக்க முடியாதும்மா. அவர் இப்ப தலைவர்." இர்மா பழைய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். தேதி, பெயர், நாடு, 'சூடு' என்ற சொல், விண்டிஷின் வளைந்த கையெழுத்து, எல்லாம் இருந்தன. வெப்பநிலைக் கட்டத்தில் மட்டும் வெள்ளைத்தாள்.

"அப்ப அந்த முடிவு செல்லாதுன்னு நான் எதிர்ப்பு குடுக்கறேன். எங்க எழுதிக் குடுக்கணும்?"

"முடிவு அறிவிச்ச அரை மணி நேரத்துக்குள்ள குடுத்திருக்கணும்."

"முப்பத்துநாலு வருஷம் ஆச்சேம்மா!"

"அப்படிச் சொல்ல முடியாது." இர்மா தும்மினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கட்டம் காலியா இருந்தா அது முறையான அறிவிப்பே இல்ல. அறிவிப்பே இல்லாதப்போ அரை மணி நேரம் எப்படி ஆரம்பிக்கும்? வர்ற எட்டாம் தேதி உங்க ஊர்ல வச்சு புத்தகத்தை வெளியிடறாங்க. அன்னைக்குத்தான் எண்ணோட அறிவிப்பு. நீங்க நிரப்பலைன்னா தலைவரே நிரப்பிடுவார். இதை நான் சொல்லலைன்னு வச்சுக்குங்க. நான் ஒரு விதியை வாய்விட்டுப் படிச்சேன், அவ்வளவுதான்."

திரும்பும்போது நடைபாதையில் டாக்டர் விண்டிஷே எதிரே வந்தார். மார்பில் பதக்கங்கள் கலகலத்தன. இர்மா அறிமுகம் செய்து வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, நம்ம சூட்டுக்காரம்மா! உங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது, தெரியுமா? நீங்க இல்லைன்னா நான் இன்னைக்கு இந்த நாற்காலியில இல்ல. அந்த எண் விஷயமா ரொம்ப மூளையைக் கசக்காதீங்க. இருபதுன்னு போடுங்க. உருண்டையான எண், அச்சுல பாக்க லட்சணமா இருக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றாள் பூர்கல். ரயிலில் வீடு திரும்பும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததில் இரவெல்லாம் தாடை வலித்தது.

பிப்ரவரி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஹின்டர்லான் சறுக்குப்பாதையின் அடியில் ஊரே கூடியது. பதினேழு பாகை உறைகுளிர். சம்மேளன மரபுப்படி பிரதிநிதிகள் அனைவரும் மல்லாந்து படுத்தபடி, கால் முன்னே நீட்டி, சக்கரம் வைத்த பலகைகளில் மேடைக்குத் தள்ளிக்கொண்டு வரப்பட்டார்கள். துணைத்தலைவர் சாலிஸ் வந்த பலகை திசைமாறிப் பேண்டு வாத்தியக்காரர்களுக்குள் புகுந்துவிட்டதால் வரவேற்பு இசை பாதியில் நின்றது. அது மௌன அஞ்சலி என்று நினைத்து ஊர்க்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

விண்டிஷ் புத்தகத்தைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டிவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, இந்த வரலாறு வீரர்களின் வரலாறு என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. வீரர்கள் வருவார்கள், ஒரு நிமிடத்தில் கீழே போய்விடுவார்கள். சம்மேளனம்தான் மேலேயே நிற்கிறது! நூற்று நாற்பதாம் பக்கத்தைப் பாருங்கள். இதே ஊர், 1975. எனக்கு ஒரு சோதனை. வெப்பமானியை விடுதி அறையில் மறந்துவிட்டேன். நண்பர்களே, நான் வெப்பமானியை விட்டேனே தவிர, கடமையை விடவில்லை! கையுறையைக் கழற்றினேன். இந்த வலது உள்ளங்கையை அந்த இரும்பின்மேல் வைத்தேன். தீயாகச் சுட்டது! ஒரு வாரம் கொப்புளம்! இந்தக் கை அன்றிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூடத் தவறியதில்லை. அளவையாளர் பயிற்சிக்கு இந்தக் கைதான் பாடநூல். இந்தக் கைதான் முப்பத்துநாலு ஆண்டுகளாக ஒவ்வொரு உலகப் போட்டியின் முடிவிலும் கையெழுத்திட்டது. ஆகவே 1975-இன் வெப்பநிலை இருபது பாகை என்று இதன்மூலம் அறிவிக்கிறேன்!"

கைதட்டல் எழுந்தது. பூர்கல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று அடித்து நாலு நிமிஷம்.

தபால் சீருடையோடு எழுந்து மேடைக்கு நடந்தாள். "எதிர்ப்பு" என்றாள். கையிலிருந்த தாளைச் சாலிஸிடம் நீட்டினாள். "அறிவிச்சு ஒரு நிமிஷம் ஆச்சு. இன்னும் இருபத்தொம்பது இருக்கு."

சாலிஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முகம் வெளுத்தது. "முறையா இருக்கே" என்றார், ஏதோ அசிங்கத்தைக் கண்டவர்போல.

விதி சொன்னபடி அங்கேயே மூன்று பேர் நடுவர் குழு அமர்ந்தது. சாலிஸ் அதற்குத் தலைவர். விண்டிஷ் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"கொப்புளம் வந்துச்சுன்னு சொன்னீங்களே டாக்டர், எப்படிப்பட்ட கொப்புளம்?" என்று கேட்டாள் பூர்கல்.

"வெந்த கொப்புளம்தான். தோலே உரிஞ்சு போச்சு."

"இரும்புல ஒட்டிக்கிட்டு உரிஞ்சுதா?"

"ஆமா, அப்படியே ஒட்டிக்கிச்சு! அவ்வளவு சூடு!"

கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மலைக்காரர்கள். இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் முப்பது வருஷமா இந்த ஊர்ல இரும்புத் தபால்பெட்டி திறக்கறேன்" என்றாள் பூர்கல். "ஜனவரி மாசம் கையுறை இல்லாம தொட்டா இரும்பு தோலைப் புடிச்சுக்கும். சுடும். கொப்புளம் வரும். சூட்டுல இல்ல டாக்டர், குளிர்ல. சுட்ட இரும்பு கையில ஒட்டாது. அதுவும் கொப்புளிக்கிற சூடு இருந்திருந்தா பனியில வச்ச உடனே ஆவி பறந்திருக்கும். எங்கப்பா அந்த வண்டியை ராத்திரி பூரா வெட்டவெளியில போட்டு வச்சிருந்தார், ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக்கூடாதுன்னு. அன்னைக்கு வந்த வண்டிங்கள்லயே குளிர்ந்த இரும்பு என்னோடதுதான். அதுக்குத்தான் என்னை வெளிய தள்ளினீங்க."

மலைக்காரர்கள் தலையாட்டினார்கள். விண்டிஷ் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் தபால்காரி பேச்சு. என் கை பொய் சொல்லாது."

"அப்ப சோதிச்சுப் பாத்துரலாம். எந்த அளவைக் கருவியையும் கேட்டா சோதிச்சுக் காட்டணும்னு விதி இருக்குல்ல?"

இருந்தது. நானூற்று மூன்றாம் பக்கம். பிரதிநிதிகளோடு வந்திருந்த இர்மா மேடைக்கு வரவழைக்கப்பட்டார். தலைவரின் மணிக்கட்டில் கம்பி சுற்றி, ஈய முத்திரை குத்தி, 'கருவி எண் ஒன்று, உள்ளங்கை, வலது' என்று அட்டை கட்டினார். சம்மேளனக் கொடியால் தலைவரின் கண்ணைக் கட்டினார்கள். லூயிஸின் மதுக்கடைச் சமையலறையிலிருந்து வெதுவெதுப்பான வாணலி ஒன்று வந்தது. சறுக்குப்பாதை ஓரத்தில் காலையிலிருந்து பனியில் கிடந்த மண்வெட்டி ஒன்றும் வந்தது.

விண்டிஷ் வாணலியைத் தடவினார். "இயல்பு. ஓட்டத்துக்கு அனுமதி" என்றார் கம்பீரமாக.

மண்வெட்டியின்மேல் கையை வைத்தார். "ஐயோ!" என்று அலறினார். முப்பத்துநாலு வருஷப் பழக்கம் அவரை மீறி வாயைத் திறந்தது. "சூடு! சூடு! தகுதிநீக்கம்!"

கையை எடுக்கப் பார்த்தார். மண்வெட்டியும் கூடவே வந்தது.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு சிரிக்காதவர்கள் இல்லை. பாதை ஓரத்தில் நின்ற குதிரைகள்கூட மிரண்டன. பூர்கல் சிரிக்கவில்லை. வெந்நீர் ஊற்றி மண்வெட்டியைக் கழற்றும்வரை அவள் பக்கத்திலேயே நின்று, ஒரு சொட்டையும் தவறவிடாமல் பார்த்தாள்.

நடுவர் குழு நாற்பது நிமிஷம் கூடிப் பேசியது. சங்கடம் இதுதான்: சம்மேளனம் தவறு செய்யாது என்று முதல் விதியிலேயே எழுதியிருந்தது. தவறு என்று ஒப்புக்கொண்டால் விதி உடையும். ஒப்புக்கொள்ளாவிட்டால் நானூற்று மூன்றாம் பக்கம் உடையும். கடைசியில் சாலிஸ் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"சம்மேளனம் தவறு செய்யவில்லை. கருவிதான் பழுதாகி இருந்திருக்கிறது. பழுதான கருவி தொட்டதும், கையெழுத்திட்டதும் செல்லாது. ஆகவே 1975 மூன்றாம் ஓட்டம் முதல் நேற்றுவரை நடந்த எல்லா உலகப் போட்டிகளையும் சம்மேளனம் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இதை மன்னிப்பு என்று யாரும் பொருள்கொள்ளக் கூடாது. நாங்கள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. காலத்தைத்தான் வாபஸ் வாங்குகிறோம். கடைசியாகச் செல்லுபடியான நிலவரப்படி, இரண்டு ஓட்டங்கள் முடிந்த நிலையில், நடப்பு உலக வாகையர் செல்வி பூர்கல் எக்கர்."

பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். சாலிஸ் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அடுத்ததாக, தலைவர் டாக்டர் விண்டிஷ் மாசற்றவர். அவர் பதவியில் தொடர்வார். அவருடைய வலது கை மட்டும் முப்பத்துநாலு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்யப்படுகிறது. அந்தக் காலத்தில் அது கையெழுத்திடவோ, கைகுலுக்கவோ, கோப்பை உயர்த்தவோ கூடாது. மீறினால் தண்டனை இரட்டிப்பு. இடது கையின் கையெழுத்துக்குச் சம்மேளனத்தில் அங்கீகாரம் இல்லை."

அறுபத்தொன்பது வயது விண்டிஷ் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். எண்ணுவதற்கு அந்தக் கையை உபயோகிக்கலாமா என்று சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் ஊர் மதுக்கடையில் லூயிஸ் ஒரு கோப்பை ஷ்நாப்ஸ் சாராயம் ஊற்றி, பூர்கல் வரும்வரை காத்திருந்தான்.

"பூர்கல்... நாங்க சும்மா வேடிக்கைக்குத்தானே சொன்னோம். குடி. உங்கப்பன் பேரைச் சொல்லி எல்லாரும் சேந்து குடிப்போம்."

"எங்கப்பன் பதினாறு வருஷம் உன் கடைக்கு எதிர்த்தாப்புல இருந்தான். தெருவைத் தாண்டி ஒரு கோப்பை கொண்டு வர உனக்கு நேரமில்ல" என்றாள் பூர்கல். தபாலை மேசைமேல் வைத்தாள். "நீயே குடி. ஆறிடப் போகுது."



சம்மேளனத்தின் இடைநீக்க ஆணை முறைப்படி பதிவுத் தபாலில் புறப்பட்டது. டாக்டர் விண்டிஷின் குளிர்கால வீடு ஹின்டர்லான் மேட்டின் உச்சியில், இருநூற்றுப் பதினாலு படிக்கு மேலே இருந்தது. பூர்கலுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் அந்தப் படிகளில் ஏறும்போது மட்டும் அது வரவில்லை.

"ஆணை வந்திருக்கு டாக்டர். கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

ஆணையைப் பெற்றுக்கொண்டால்தான் மேல்முறையீடு செய்யமுடியும். விண்டிஷ் ஆசையோடு வலது கையால் பேனாவை எடுத்தார். பாதியில் உறைந்தார். இரட்டிப்பு! பேனாவை இடது கைக்கு மாற்றி, நாக்கை நீட்டிக்கொண்டு, கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்துப் போட்டார். பூர்கல் தபால் நிலையத்திலிருந்து கொண்டு வந்திருந்த மாதிரிக் கையெழுத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

"ஒத்துப் போகலையே. நாளைக்கு மறுபடி கொண்டு வரேன்."

மறுநாளும் கொண்டுபோனாள். அதற்கு மறுநாளும். மற்ற தபால்காரர்கள் இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பூர்கல் கடமை தவறாதவள். அந்த நாட்களில் அவளுடைய பை நிரம்பி வழிந்தது. பட்டம் பறிபோன வாகையர்கள் நாலு கண்டங்களிலிருந்தும் தலைவருக்கு எழுதிய வசைக் கடிதங்கள். அவற்றுக்குக் கையெழுத்துத் தேவையில்லை என்பதால் தினமும் ஒரு கட்டு ஒழுங்காகக் கொடுத்தாள். நல்லதாகப் பார்த்து மேலே வைத்துக் கட்டினாள்.

மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் கதவைத் திறந்த விண்டிஷ் மிகவும் இளைத்திருந்தார். சட்டைப் பொத்தானைக்கூட இடது கையால் போட்டு, ஒன்று மாற்றி ஒன்றாக மாட்டியிருந்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இப்படி ஏறி வருவீங்க?"

"நான் ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுக்கப்புறம் பழக்கத்துக்குச் சும்மா வந்துட்டுப் போறேன்."

அவர் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். கீழே சறுக்குப்பாதையில் பனி உருகி, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"எக்கர் அம்மா" என்றார். குரலில் மேடை இல்லை. "அன்னைக்கே தெரியும். நீங்க போனப்புறம் கையைப் பாத்தேன். குளிர்ல வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா சொல்லிட்டேன் இல்லையா? சொன்னதை எப்படித் திரும்ப எடுக்கறது? அதான் எண் எழுதல. பொய்யா ஒரு எண் எழுத மனசு வரல."

பூர்கல் ஆணையை மறுபடி பைக்குள் வைத்தாள்.

"அவ்வளவு நல்ல மனசு" என்றாள்.

விண்டிஷின் கண் கலங்கியது. அவர் அக்கம்பக்கம் பார்த்தார். ஒருவரும் இல்லை. மெல்லத் தன் வலது கையை அவள் பக்கம் நீட்டினார்.

"மன்னிச்சிடுங்க."

பூர்கல் அந்தக் கையைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அது இடைநீக்கத்துல இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு, இருநூற்றுப் பதினாலு படியும் ஒவ்வொன்றாக இறங்கிப் போனாள்.